குழாயைப் பிடுங்கினா நிஜம் கேட்குமா?

சுமார் 25,000 டாலர் விலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதுக்குள்ள கை நீளத்துக்கு ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்ள பெட்ரோல் போகாது, ஆயில் போகாது, தண்ணி போகாது. அது இருந்தாலும் கார் ஒரு கிலோமீட்டர்கூட வேகமா போகாது, இல்லாட்டியும் ஒரு கிலோமீட்டர்கூட குறையாது. அதோட ஒரே வேலை, இன்ஜின் போடுற சத்தத்தை ஓட்டுறவர் காதுக்குக் கொண்டு வந்து சேர்க்கிறதுதான்.

இப்படி ஒரு குழாயைக் காசு செலவு பண்ணி வடிவமைச்சு மாட்டுறது கம்பெனி. அந்தக் காரை வாங்கினவங்களில் ஒரு கூட்டம், லீவு நாள் பாத்து உக்காந்து அதைக் கழட்டி எறியுது. கழட்டினதும் ஓட்டையை அடைக்க மூடி வேணுமே, அதைத் தனியா கிட்டாகவே விக்கிறாங்க. மாட்டுறதும் வியாபாரம், கழட்டுறதும் வியாபாரம். நடுவுல நம்மாளு கையில ஸ்க்ரூ டிரைவர் :-)

இதைப் பத்தி எழுத சங்கரன்கோவில்காரனுக்கு என்ன தகுதின்னு கேக்கலாம். எங்க ஊர் ரதவீதியில அந்த மாதிரி கார் போனா கோமதி அம்மன் தேருக்கு நிகரா கூட்டம் கூடிரும். ஆனா சத்தத்தைப் பத்திப் பேச எங்க ஊர்க்காரனுக்குத் தகுதி உண்டு. காரணத்தைப் பின்னாடி சொல்றேன்.

குழாய் என்ன செய்யுது?

நான் சொல்ற கார் டொயோட்டா 86. சுபாருவும் டொயோட்டாவும் சேர்ந்து செஞ்சு 2012-ல் வந்தது. அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு பக்கம் பிஆர்ஸி. எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைகள். 2.0 லிட்டர், 4 சிலிண்டர், படுக்கை வசத்தில் எதிரெதிரா அடிக்கிற பாக்ஸர் இன்ஜின், சுமார் 200 குதிரைசக்தி.

இன்ஜின் காத்தை உறிஞ்சும்போது ஒரே சீரா உறிஞ்சாது. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது 'ஹப் ஹப்'புன்னு இழுக்கும். அந்த இழுப்பு காத்து வர்ற பைப்பில் துடிப்பா ஓடும். அந்த பைப்பில் ஒரு ஓட்டை போட்டு, அதில் சின்ன உறுப்பு ஒண்ணு வைக்கிறாங்க. உள்ள மெல்லிய சவ்வு இருக்கும். மேளத்துத் தோல் மாதிரி அது அதிரும். ஆனா காத்து அதைத் தாண்டாது. சவ்வுக்கு அந்தப் பக்கம் குழாய். குழாயின் மறுமுனை, இன்ஜின் அறைக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுச் சுவர்கிட்ட முடியும். அவ்வளவுதான். கரண்ட் இல்ல, சிப் இல்ல, சாஃப்ட்வேர் இல்ல.

சின்ன வயசுல ரெண்டு தீப்பெட்டியை நூல்ல கட்டி டெலிபோன் விளையாடினோமே, அதேதான். தீப்பெட்டி டெலிபோனுக்கு ஜப்பான்காரன் போட்ட பம்பர்.

எவ்வளவு சத்தம், என்ன சுருதின்னு கணக்கும் போட்டுரலாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். 4 சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு 2 வெடி. 6,000 ஆர்பிஎம்னா விநாடிக்கு 100 சுத்து, அப்ப 200 வெடி, அதாவது 200 ஹெர்ட்ஸ். அதே வேகத்தில் வி8 இன்ஜின் 400 ஹெர்ட்ஸ். ஒத்தை சிலிண்டர் புல்லட் அந்த வேகத்துக்குப் போக வேணாம். 900-ல் நின்னுக்கிட்டு இருந்தாலே விநாடிக்கு ஏழரை வெடி. அதனாலதான் அதை நாம சுருதியா கேக்காம தனித்தனி 'டுக்... டுக்...'குனு எண்ணிக் கேக்குறோம்.

ஏன் இந்த நிலைமை?

முன்னாடியெல்லாம் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனியா சத்தம் ஊட்ட வேண்டியதில்லை. அதுவா கத்தும். ரெண்டு விஷயம் அதை மாத்திருச்சு.

ஒண்ணு சட்டம். ஐரோப்பாவில் சாதாரண கார் கடந்து போகும்போது 74 டெசிபல் வரைக்கும் இருக்கலாம்னு இருந்ததை 2014-ல் வந்த சட்டம் படிப்படியா 68-க்கு இறக்கிச்சு. வெறும் 6 தானேன்னு நினைக்காதீங்க. டெசிபல் கணக்கில் 6 குறைஞ்சா ஒலியின் சக்தி கால்வாசியா ஆயிருச்சுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு டர்போ. பெரிய இன்ஜினைச் சின்னதாக்கி டர்போ மாட்டினா மைலேஜ் கிடைக்கும். ஆனா வெளியேறுற புகையின் வேகத்தை டர்பைன் பிடுங்கித் தின்னுரும். கூடவே சத்தத்தையும். 2014-ல் ஃபார்முலா ஒன் வி8-ஐ விட்டுட்டு வி6 டர்போ ஹைப்ரிடுக்கு மாறினப்ப, "இதுக்கா டிக்கெட் வாங்கினோம்"னு ரசிகர்கள் புலம்பினது ஞாபகம் இருக்கும்.

வெளிய சத்தம் போடக்கூடாது, உள்ள உக்காந்திருக்கிறவனுக்குக் கிளர்ச்சி குறையக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட இன்ஜினியர் கண்டுபிடிச்ச வழிகள் ரெண்டு.

முதல் வழி குழாய். மேல சொன்ன 86, போர்ஷே 911, 2015-ல் வந்த வி8 மஸ்டாங் ஜிடி எல்லாம் இந்த ஜாதி.

ரெண்டாவது வழி ஸ்பீக்கர். 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-ல் இன்ஜின் சத்தத்தைக் காரோட பாட்டு சிஸ்டம் வழியா வாசிச்சாங்க. அந்த மஸ்டாங்கிலேயே 4 சிலிண்டர் டர்போ மாடலுக்குக் குழாய்க்குப் பதில் ஸ்பீக்கர் சத்தம். ஃபோக்ஸ்வேகன் இன்னும் ஒரு படி மேல போய், கண்ணாடிக்குக் கீழ ஒரு அதிர்வுப் பொட்டியை வச்சு காரோட தகட்டையே ஸ்பீக்கராக்கிருச்சு.

இதுல வேடிக்கை, நம்ம 86-ம் கட்சி மாறிருச்சு. 2021-ல் அடுத்த தலைமுறை ஜிஆர் 86 வந்துச்சு. 2.4 லிட்டர் இன்ஜின். அதுல ஸ்பீக்கர் வழியா சத்தம். ஒரே கார், முதல் பிறவியில் குழாய், மறுபிறவியில் ஸ்பீக்கர்.

"இப்பத்தான் மாப்ள நிஜ சத்தம் கேக்குது"

என்கூட இன்ஜினியரிங் படிச்ச பய ஒருத்தன் அமெரிக்காவில் செகண்ட் ஹேண்டில் ஒரு எஃப்ஆர்-எஸ் வாங்கினான். குழாயைக் கழட்டினான். இன்ஜின் பக்கத்து ஓட்டையை ரப்பர் மூடி போட்டு ஒழுங்கா அடைச்சான். (இதை அடைக்காம விட்டா வில்லங்கம். எவ்வளவு காத்து வருதுன்னு அளக்கிற சென்சாரைத் தாண்டி அந்த ஓட்டை இருக்கு. அளக்காத காத்து உள்ள போனா பெட்ரோல் கணக்கு தப்பும், ஃபில்டர் பண்ணாத தூசியும் சேர்ந்து போகும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும்.) சுவர்ப் பக்கத்து ஓட்டையையும் அடைச்சான். அப்புறம் எனக்கு போன்.

"மாப்ள, இனிமே கம்பெனிக்காரன் ஊட்டுற சத்தம் கிடையாதுல. இப்பத்தான் நிஜ சத்தம் கேக்குது."

இந்த வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை. குழாயைக் கழட்டினதோட இல்ல. அவன் கார், அவன் காது, அவன் இஷ்டம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கா ஓட்டும்போது காதுக்குள்ள 'ங்ங்ங்'னு ஒரே சுருதி இடிச்சா யாருக்குமே தலைவலிதான். தலைவலி வருது, கழட்டிட்டேன்னு சொன்னா நல்ல காரணம். பிடிக்கல, கழட்டிட்டேன்னாலும் நல்ல காரணம். ஆனா 'நிஜம்' என்கிற வார்த்தையை ஏன்டா இழுக்குற?

யோசிச்சுப் பாருங்க. குழாயைக் கழட்டின பிறகு அவன் காதுக்கு வர்றது எது? இன்ஜினுக்கும் அவனுக்கும் நடுவுல தகட்டுச் சுவர். சுவருக்கு மேல சத்தம் உறிஞ்சுற மெத்தை. காத்து வர்ற பைப்பில், குறிப்பிட்ட சுருதிகளைத் தின்னு விழுங்கவே வைக்கிற வெத்துப் பொட்டி. பின்னாடி சைலன்சர். இத்தனையையும் போட்டதும் அதே கம்பெனிதான். ஒரு பொட்டியை வச்சு சத்தத்தைக் குறைக்கிறவனும் அவன்தான், ஒரு குழாயை வச்சுக் கூட்டுறவனும் அவன்தான். கூட்டுறது மட்டும் பொய், குறைக்கிறது மட்டும் நிஜம்னா எப்படி? அமைதியும் ஃபேக்டரியில் செஞ்ச சரக்குதான்.

குழாய் போனதும் என் நண்பனுக்கும் இன்ஜினுக்கும் இருந்த நேர் பாதை ஒண்ணு அடைபட்டுப் போச்சு. அவன் நிஜத்துக்குக் கிட்ட போகல. ஒரு அடி தள்ளித்தான் போனான்.

பூ, சென்ட், சாம்பிராணி

எங்க ஊர் பூ மார்க்கெட் தெக்கத்திப் பக்கம் பிரசித்தம். முகூர்த்த நாள் வந்தா மல்லிப்பூ விலை பேப்பரிலேயே வரும். அதனால பூ கணக்கிலேயே சொல்றேன்.

தள்ளி இருக்கிற மல்லிக் கூடையை எடுத்து மூக்குகிட்ட கொண்டு வந்து வைக்கிறது குழாய். வாசனை பூவோடதுதான். தூரம் மட்டும்தான் குறைஞ்சிருக்கு. பூ வாடினா வாசனையும் வாடும்.

மல்லி சென்ட் அடிக்கிறது ஸ்பீக்கர். பூ இருந்தாலும் மணக்கும், வாடினாலும் மணக்கும்.

என்னோட அளவுகோல் இதுதான்: மெஷின் சீக்கானா சத்தமும் மாறுமா? மாறினா அது நிஜம். மாறாட்டி அது அலங்காரம்.

ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் செத்துப் போச்சுன்னு வைங்க. குழாய் வழியா கேக்குறவனுக்கு நாலு துடிப்பில் ஒண்ணு நொண்டுறது காதிலேயே தெரியும். ஆர்பிஎம் எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு ரெண்டு மூணு எண்களை மட்டும் வாங்கிக்கிட்டு, பதிவு பண்ணின சத்தத்தை வாசிக்கிற சிஸ்டம் என்ன பண்ணும்? நோயாளி இருமிக்கிட்டு இருக்கும்போது அவன் சார்பா பக்கத்து ரூமில் ஒருத்தர் கல்யாணப் பாட்டு பாடுற கதைதான். நான் பொழப்புக்கு எழுதுறதே சாஃப்ட்வேர். உள்ள என்ன எண் குடுத்தமோ அதுக்குத் தக்க வெளிய வரும். குடுக்காத விஷயத்தை அது சொல்லாது. அதுக்குத் தெரியாது.

எந்த ஊர் மெக்கானிக் கடைக்குப் போனாலும் பாக்கலாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை இன்ஜின் மேல வச்சு, கைப்பிடியைக் காதோட ஒட்டி வச்சுக் கேப்பார் அண்ணாச்சி. டேப்பெட் அடிக்குதா, பேரிங் போச்சான்னு அதிலேயே சொல்லிருவார். 86-ல் இருக்கிற குழாயும் கிட்டத்தட்ட அந்த ஸ்க்ரூ டிரைவர்தான். அதைப் பொய்னு சொல்றவன், அண்ணாச்சியின் ஸ்க்ரூ டிரைவரையும் பொய்னு சொல்லணும்.

சரி, சாம்பிராணி? 2024 நவம்பர் 26-ஆம் தேதி சென்னையில் மஹிந்திரா ரெண்டு எலக்ட்ரிக் கார்களை அறிமுகப்படுத்திச்சு. அதுல இப்ப பிஇ 6-னு பேர் இருக்கிறதும் ஒண்ணு. அந்தக் கார்களுக்கான ஒலிகளை அமைச்சுக் குடுத்தது ஏ.ஆர்.ரஹ்மான். "இன்ஜினே இல்லாத காருக்கு என்னய்யா சத்தம், இது பச்சைப் பொய் இல்லையா"னு கேட்டவங்க உண்டு. நான் அப்படி நினைக்கல. ரஹ்மான் போட்ட ஒலி, "நான் வி8 இன்ஜின்"னு வேஷம் கட்டலயே! நான் இசைன்னு சொல்லிக்கிட்டேதான் வருது. சாம்பிராணி என்னைக்காவது "நான்தான் மல்லி"ன்னு சொல்லுச்சா? சொல்லாதது ஏமாத்து ஆகாது.

அந்தப் பக்கம், ஹூண்டாய் 2023-ல் கொண்டு வந்த ஐயானிக் 5 என் எலக்ட்ரிக் காரில் இல்லாத கியரை மாத்துற மாதிரி உதறலும், இல்லாத இன்ஜினின் உறுமலும் வரும். கேட்டா ஓட்டுறவனுக்குக் குஷியா இருக்குங்கிறாங்க. இருக்கட்டும். ஆனா அதுக்கு ஒரு பட்டன் இருக்கு, வேணாம்னா அணைச்சுரலாம். கம்பெனிகள் கத்துக்க வேண்டிய பாடம் அந்தப் பட்டன்தான். சத்தத்தை விக்கிறதில் எனக்கு ஆட்சேபம் இல்ல. அது எங்கேயிருந்து வருதுன்னு சொல்லு, அணைக்க வழி குடு. டேஷ்போர்டைப் பிரிச்சு ஒயரைப் பிடுங்கினாத்தான் அணையும்னு வச்சா, அது வாங்கினவனை முட்டாளாக்குற வேலை.

புல்லட்காரங்க மன்னிக்கணும்

நம்ம பக்கத்திலும் இந்த 'நிஜ சத்தம்' வியாதிக்கு வயசு ஜாஸ்தி. மருந்து குடிக்கிறதும் நாமதான், வியாதியைப் பரப்புறதும் நாமதான்.

ராயல் என்ஃபீல்ட் 1955-லேருந்து சென்னையில் தயாராகுது. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் 346 சிசி, 90 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக். அந்த 'டுக் டுக்' கேட்டு, தெருமுனையில் வர்றது வாத்தியாரா, காண்ட்ராக்டரான்னு வீட்டுக்குள்ள இருந்தே சொன்ன காலம் உண்டு. அப்புறம் புகைச் சட்டம் இறுகிச்சு. 2008, 2009-ல் யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின்கள் வந்துச்சு. ஆயில் ஒழுகல் குறைஞ்சுது, ரிப்பேர் குறைஞ்சுது. கூடவே பழைய சத்தமும் குறைஞ்சுது. "இது புல்லட்டே இல்லவே"னு ஒரு தலைமுறையே அழுதுச்சு. 2020-ல் மீட்டியாரில் வந்த 349 சிசி இன்ஜினுக்கு அதிர்வைத் தணிக்க பேலன்ஸர் ஷாஃப்ட்டே வச்சுட்டாங்க. நிதானமா பாத்தா அந்தப் பழைய சத்தத்தில் ஒரு பங்கு, மெஷின் தன்னைத்தானே உதைச்சுக்கிட்ட வலிதான்.

சத்தத்துக்கும் மனுசனுக்கும் உள்ள பாசம் சாதாரணமில்ல. ஹார்லி டேவிட்சன் தன்னோட இன்ஜின் சத்தத்துக்கு டிரேட்மார்க் வேணும்னு 1994-ல் விண்ணப்பமே போட்டுச்சு. போட்டிக் கம்பெனிகள் எதிர்க்க, 2000-ல் கைவிட்டாங்க.

பாசம் சரி. அதுக்கு நம்ம பசங்க கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன? சைலன்சரைக் கழட்டிட்டு வெறும் பைப்பை மாட்டுறது, இல்ல உள்ள இருக்கிற தடுப்பை வெட்டி எறியறது. கேட்டா அதே வசனம்: "இதாம்ணே நிஜ சத்தம்!"

இந்த இடத்தில் என் நண்பனுக்கு ஒரு கும்பிடு போடுறேன். அவன் குழாயைக் கழட்டினான், பாதிக்கப்பட்டது அவன் காது ஒண்ணுதான். அந்தக் குழாய் இருந்தபோதும் சத்தம் அவன் காருக்குள்ளேயே இருந்துச்சு. சைலன்சரை வெட்டுறவன் விஷயம் அப்படியா? அவனுக்குச் சத்தம் பின்னாடி போயிரும், அவன் முன்னாடி போயிருவான். முழுசா வாங்கிக் கட்டிக்கிறது தெருவில் இருக்கிறவங்க.

சட்டம் இதில் வழவழா கொழகொழா இல்ல. 175 சிசிக்கு மேல உள்ள பைக்குக் கடந்து போகும்போது 80 டெசிபல் உச்சவரம்பு. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி வரம்பை மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். கம்பெனி குடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிருச்சு. போலீஸ் பறிமுதல் பண்ணின சைலன்சர்களை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்துற படங்களைப் பல ஊர்களிலிருந்து பாத்திருப்பீங்க. படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த பைப்பை விக்கிற கடை மறுநாளும் திறந்திருக்கே, அங்க ரோலர் போகக் காணோம்.

தறிச் சத்தம்

இப்ப எங்க ஊர்க்காரன் தகுதிக்கு வர்றேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தெருக்களில் வளந்தவனுக்குச் சத்தம்னா என்னன்னு சொல்லிக் குடுக்க வேணாம். தறி ஓடுற தெருவில் 'டடக் டடக் டடக்'குனு ஒரு தாளம் சுவர் வழியா, கட்டில் கால் வழியா உடம்புக்குள்ள வரும். நெசவு தெரிஞ்ச மனுசர் நாலு தறிக்கு நடுவுல நின்னுக்கிட்டு, திரும்பிப் பாக்காமலே சொல்லுவார், "ரெண்டாவதுல நாடா சரியா போகல." காது சொல்லும். இதுதான் நான் சொன்ன அளவுகோல். மெஷின் சீக்கானா சத்தம் மாறணும்.

ஆனா அந்தக் காதுக்கு என்ன விலை? நாடா அடிக்கிற தறிகள் வரிசையா ஓடுற கொட்டகைக்குள்ள 90 டெசிபலைத் தாண்டுறது சகஜம். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம்ம தொழிற்சாலை விதிகளே வச்சிருக்கிற எல்லை. பல வீடுகளில் தறிக்கும் தூளிக்கும் நடுவுல ஒரு சுவர்தான். தறி ஓட்டின தாத்தாக்கள் வீட்டில் பேசுறதைக் கேட்டா ஏதோ சண்டைன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. சண்டை இல்ல, காது போயிருச்சு. சேலைக்குக் கிடைச்ச கூலியில் காதோட விலை சேரவே இல்ல. கேட்டும் யாரும் தரல.

ஒரு பக்கம் வயித்துப்பாட்டுக்காகச் சத்தத்தை வாங்கிக்கிட்டு காதைக் குடுக்கிற மனுசன். இன்னொரு பக்கம் சத்தம் பத்தலன்னு குழாய் போடுற கம்பெனி, அது நிஜமில்லன்னு பிடுங்குற ரசிகன். ரெண்டு பேரையும் நான் குத்தம் சொல்லல. ரசனை பாவம் இல்ல. ஆனா பகல் ஷிப்ட் முடிச்சு வந்து அசந்து தூங்குற தறிக்காரர் வீட்டு வாசலில், ராத்திரி பதினோரு மணிக்கு சைலன்சர் வெட்டின பைக்கை முறுக்குறவன் இருக்கான் பாருங்க, அவன் ரசிகன் இல்ல. நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55 டெசிபல், ராத்திரி 45. பகல் முழுக்க தொண்ணூறில் கழிச்ச காதுக்கு அந்த நாற்பத்தஞ்சுதான் மிச்சம் இருக்கிற சொத்து. அதையும் ஒருத்தன் வந்து பறிக்கிறான்.

ஆடித்தபசுக் கூட்டத்துக்குள்ளேயே அப்படி முறுக்கிக்கிட்டு வர்ற பசங்களைப் பாக்குறோம். இடுப்பில் கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மா பதறி ஒதுங்குறதை அவன் 'கெத்து'ன்னு நினைக்கிறான். லேய், அது பயம்லே, மரியாதை இல்ல.

வெளியே வேண்டிய சத்தமும் உண்டு

இதுக்காக எல்லாத்தையும் ஊமையாக்கிரணும்னு நான் சொல்லல. சத்தமே இல்லாத எலக்ட்ரிக் வண்டி பின்னாடி வந்து நின்னா கண் தெரியாதவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புது எலக்ட்ரிக் கார் மாடல்களுக்கு, மெதுவா போகும்போது வெளிய கேக்குற மாதிரி ஒரு எச்சரிக்கை ஒலி கட்டாயம். வேகம் கூடினா டயர் சத்தமே போதும். நம்ம ஊரிலும் இதே மாதிரி கட்டாயமாக்க 2025 செப்டம்பரில் மத்திய அரசு வரைவு அறிவிப்பு வெளியிட்டுச்சு. நல்ல விஷயம். அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வர்ற செயற்கைச் சத்தம்தான். இருந்தாலும் அது பொய் இல்ல. "வண்டி வருது, ஒதுங்கு"ன்னு அது சொல்ற சேதி நூத்துக்கு நூறு உண்மை.

ஆக என் கணக்கு ரொம்ப எளிசு. சத்தம் எதுலேருந்து பிறக்குதுங்கிறதை விட, அது யாருக்கு என்ன சேதி சொல்லுதுங்கிறதுதான் முக்கியம்.

குழாய் ஓட்டுறவனுக்கு இன்ஜினோட நிலைமையைச் சொல்லுது. பிடிச்சா வச்சுக்கோ, தலைவலிச்சா கழட்டு, ஓட்டையை மட்டும் ஒழுங்கா அடை. ஸ்பீக்கர் உறுமல் உனக்கு இல்லாத பெருமையைச் சொல்லுது. கேக்க ஆசைன்னா கேளு, அணைக்கிற பட்டன் இருக்கான்னு பாத்து வாங்கு. எச்சரிக்கை ஒலி அடுத்தவன் உயிரைக் காப்பாத்துது. அதைக் கழட்டாதே. வெட்டின சைலன்சர் ஒரு சேதியும் சொல்லல. "நான் இருக்கேன், நான் இருக்கேன்"ங்கிறதைத் தவிர.

நீ இருக்கேன்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. நாங்களும் இருக்கோம்.

டிஸ்கி 1: குழாய் கழட்டினா குதிரைசக்தி கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒண்ணும் கூடாது. பர்சு கொஞ்சம் மெலியும்.

டிஸ்கி 2: என்கிட்ட இருக்கிறது 100 சிசி பைக். அதுல கழட்ட ஒரு குழாயும் இல்ல. இருக்கிற சைலன்சரை நான் தொடப் போறதும் இல்ல :-)